ஆஸ்டினும் காலேஜ் ஸ்டேஷனும்: ஒரு நூற்றாண்டுப் பகையும் அதன் மரபுகளும்

கேள்வி இது: “டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் இரண்டிலும் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. யாரிடம் விசாரித்தாலும் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஃபுட்பாலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தப் பகை எதனால் வந்தது? அங்குள்ள சடங்குகள் எல்லாம் என்ன? விளையாட்டில் ஆர்வமே இல்லாதவன் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாமா?”

இருந்துவிடலாம். யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அப்படி இருக்காதீர்கள் என்பதுதான் என் பதில். நான் ஏ அண்ட் எம்மில் படித்தவன். பிறகு பல வருடங்களாக ஆஸ்டினில் வேலை. இரண்டு பக்கமும் நெருங்கிய நண்பர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் மீதான வெறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் வருடத்தில் ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் நடப்பது வேறு: ‘நாங்கள் யார்’ என்ற கேள்விக்கு இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் எதிராளியை வைத்தே பதில் சொல்லிக்கொள்கின்றன.

அவர்களுடைய பாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் அணி புள்ளி எடுத்ததும் இசைக்கப்படும் பாட்டில் ஏ அண்ட் எம்மை வழியனுப்பி வைக்கும் வரி ஒன்று இருக்கிறது. ஏ அண்ட் எம்மின் போர்ப்பாட்டில் இன்று அரங்கமே சேர்ந்து பாடும் பகுதி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை வழியனுப்பித்தான் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது ரைன் நதிக்கரையில் காவல் நின்ற ஓர் ஏ அண்ட் எம் மாணவர் 1918இல் எழுதியது அது. ஐரோப்பாவில் போர்முனையில் நிற்கும்போதும் மனதில் வந்தது ஆஸ்டின்தான். 2012 முதல் 2023 வரை பன்னிரண்டு சீசன்கள் இந்த இரு அணிகளும் மோதவே இல்லை. அப்போதும் இரண்டு ஊரிலும் வாரந்தோறும், களத்தில் இல்லாத எதிரியை வழியனுப்பிப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பகையின் வேர் ஃபுட்பாலுக்கு முந்தையது. நிலமும் பணமும் அதில் இருக்கிறது. ஏ அண்ட் எம் 1876இல் திறக்கப்பட்டது. வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரி, ஆண்கள் மட்டும், எல்லோருக்கும் ராணுவப் பயிற்சி கட்டாயம். ஆஸ்டின் பல்கலைக்கழகம் 1883இல்தான் வந்தது. ஆனால் 1876ஆம் ஆண்டின் மாநில அரசியல் சாசனம், இனிமேல் வரப்போகும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளையாகத்தான் ஏ அண்ட் எம்மைக் குறிப்பிட்டது. மூத்தது கிளை, இளையது மரம் என்ற நிலை. பல்கலைக்கழக நிதிக்கென்று மேற்கு டெக்சாஸில் ஏராளமான வறண்ட நிலத்தை மாநிலம் ஒதுக்கியிருந்தது. மேய்ச்சலுக்குக்கூட அதிகம் உதவாது என்று நினைத்த அந்த நிலத்தில் 1923 மே 28 அன்று சாண்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. ‘எங்களைக் கிளை என்றீர்களே, கிளைக்கும் பங்கு உண்டல்லவா’ என்று ஏ அண்ட் எம் கேட்டது. 1931இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆஸ்டினுக்கு, ஒரு பங்கு ஏ அண்ட் எம்முக்கு. அந்தக் கிணற்றின் பழைய கருவிகளை ஆஸ்டின் வளாகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நாளை உங்கள் ஆய்வகத்துக்கு வரும் பணத்திலும் அந்த எண்ணெயின் பங்கு இருக்கக்கூடும்.

ஊர்களும் வேறு வேறு. ஆஸ்டின் தலைநகரம், சட்டமன்றம், இசைக்கூடங்கள், இப்போது கணினி நிறுவனங்கள். ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன், பெயரே சொல்வதுபோல, கல்லூரிக்காக வைத்த ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். இடையில் சுமார் 100 மைல். ஆஸ்டின்காரர்களுக்கு ஏ அண்ட் எம் என்றால் பட்டிக்காட்டு விவசாயிகளும் சிப்பாய்களும். ஏ அண்ட் எம்காரர்களுக்கு ஆஸ்டின் என்றால் தேநீர் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சொகுசுக்காரர்கள். காலேஜ் ஸ்டேஷனில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘டி.யூ.’ என்பார்கள், எழுதினாலும் சிறிய எழுத்தில்தான் எழுதுவார்கள்.

ஏ அண்ட் எம்மில் நீங்கள் பார்க்கப்போகும் ஏறக்குறைய எல்லாமே எல்லோரும் கேடட்களாக, அதாவது ராணுவப் பயிற்சி மாணவர்களாக, இருந்த அந்தக் காலத்திலிருந்து வந்தவை. ராணுவப் பயிற்சி 1965 முதல் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்று 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் கேடட் படையில் இருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் வளாகத்தின் நடை, பேச்சு, மரியாதை எல்லாம் அவர்கள் வகுத்தவைதான். வழியில் எதிர்ப்படுகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் ‘ஹவுடி’ என்று சொல்வார். முதலாண்டு மாணவர் ‘ஃபிஷ்’. ‘வூப்’ என்று கத்தும் உரிமை மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும். மாணவர் மையமான எம்.எஸ்.சி. கட்டடம் போரில் இறந்த முன்னாள் மாணவர்களின் நினைவாக எழுந்தது. அதனால் உள்ளே தொப்பி அணியக் கூடாது, சுற்றியுள்ள புல்லை மிதிக்கக் கூடாது. முதல் வாரத்தில் தெரியாமல் புல்லில் குறுக்கே நடந்தால் யாராவது ஒருவர் பணிவாகச் சொல்லித் திருத்துவார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே சியர்லீடர்கள் கிடையாது. வெள்ளை உடையில் ஐந்து ‘யெல் லீடர்கள்’; மாணவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள். உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் கைல் ஃபீல்டு அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, மறுநாள் எழுப்ப வேண்டிய முழக்கங்களை ஒத்திகை பார்ப்பார்கள். இதுதான் மிட்நைட் யெல். 1930களிலிருந்து நடந்து வருகிறது. களத்தில் ஒரு யெல் லீடர் கையால் ஒரு சைகை காட்டுவார். முன்வரிசை அதைப் பின்வரிசைக்குக் கடத்தும். சில நொடிகளில் மேல்மாடத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எல்லோரும் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, ஒரே குரலாக முழங்குவார்கள். போர்ப்பாட்டின் முடிவில் தோளோடு தோள் கோத்து, வரிசைக்கு வரிசை எதிரெதிராக ஆடுவார்கள். ஆஸ்டினின் சின்னமான காளையின் கொம்பை ரம்பத்தால் அறுப்பதாகப் பாவனை. அப்போது மேல்மாடத்தில் நின்றிருந்தால் காலடியில் கான்கிரீட் அசைவது தெரியும்.

மாணவர்கள் யாரும் ஆட்டம் முடியும்வரை உட்கார மாட்டார்கள். காரணம் 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் நடந்த ஓர் ஆட்டம். அந்நாளில் நாட்டின் வலுவான அணிகளில் ஒன்றான சென்டர் கல்லூரிக்கு எதிராக ஏ அண்ட் எம் ஆடியது. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயப்பட்டு வெளியேற, மாற்று ஆட்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். பத்திரிகையாளர் பகுதியில் உதவியாக இருந்த இ. கிங் கில் என்ற மாணவர் அணியிலிருந்து ஏற்கெனவே விலகிக் கூடைப்பந்துக்குப் போயிருந்தவர். பயிற்சியாளர் டேனா பைபிள் அவரைக் கீழே அழைத்தார். காயப்பட்ட வீரரின் உடையை அவர் போட்டுக்கொண்டு களத்தோரம் வந்து நின்றார். ஏ அண்ட் எம் 22–14 என்று வென்றது. கில் கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை. கிரிக்கெட்டில் பன்னிரண்டாம் ஆள் என்றால் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருபவர்தானே. இங்கே ஒரு பல்கலைக்கழகம் முழுவதும் தன்னைப் பன்னிரண்டாம் ஆள் என்று அழைத்துக்கொள்கிறது. தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று காட்டவே அந்த நிற்பு. இந்தப் பெயரின் உரிமைக்காக சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியோடு நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

ரெவலி என்ற நாயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931இல் சில கேடட்கள் காரில் வரும்போது வழியில் அடிபட்ட ஒரு தெருநாயைத் தூக்கிவந்து விடுதியில் வைத்தார்கள். காலையில் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பு ஒலித்ததும் அது குரைத்தது. அந்த பியூகிள் அழைப்பின் பெயரே அதற்கு வந்தது. இப்போது இருப்பது பத்தாவது ரெவலி, கோலி இனம். கேடட் படையில் எல்லோரைவிடவும் உயர்ந்த பதவி அவளுக்கு. ‘மிஸ் ரெவ், மேடம்’ என்றுதான் பேச வேண்டும். வகுப்பில் அவள் குரைத்தால் வகுப்பு முடிந்தது என்பது மரபு. இறந்த ரெவலிகளின் கல்லறைகள் அரங்கத்தின் வடக்கு வாசலில், ஸ்கோர்போர்டைப் பார்த்தபடி இருக்கின்றன. விரிவாக்கத்தில் கட்டடம் மறைத்துவிட்டதால், அவற்றின் பார்வைக்கென்று தனியாக ஒரு சிறிய ஸ்கோர்போர்டு வைத்தார்கள். பல லட்சம் டாலர் புரளும் ஒரு விளையாட்டுத் துறை இறந்துபோன நாய்களுக்காக இதைச் செய்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஏ அண்ட் எம்மின் உயிர் ஆட்டத்தில் இல்லை, சில்வர் டாப்ஸில் இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் யாராவது இறந்துபோனால், பட்டப்படிப்போ மேற்படிப்போ, எந்த நாட்டவராக இருந்தாலும் சரி, அடுத்து வரும் மாதத்தின் முதல் செவ்வாய் இரவு 10.30 மணிக்கு வளாகத்தின் நடுவில் மாணவர்கள் பேசாமல் வந்து நிற்பார்கள். விளக்குகள் அணைந்திருக்கும். ராஸ் வாலண்டியர்ஸ் என்ற கேடட் குழு துப்பாக்கி மரியாதை செலுத்தும். பியூகிள் மூன்று திசை நோக்கி ஒலிக்கும்: வடக்கு, தெற்கு, மேற்கு. கிழக்கு நோக்கி ஊதுவதில்லை. அந்த மாணவருக்கு இனிச் சூரியன் உதிக்காது என்பதால். பிறகு சொல்லாமல் கலைந்துபோவார்கள். இது முதலில் 1898இல், கல்லூரித் தலைவராக இருந்த சல் ராஸ் இறந்தபோது நடந்தது. இறந்தவரை ஒரு முறைகூடப் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே நிற்பார்கள்.

அதன் உடன்பிறப்பு மஸ்டர். ஏப்ரல் 21 அன்று, அந்த ஆண்டில் இறந்த முன்னாள் மாணவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுப்பார். 1942இல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் ஜப்பானியத் தாக்குதலுக்கு நடுவே, ஜெனரல் ஜார்ஜ் மூரும் அங்கிருந்த இருபத்தைந்து பேர் அளவிலான முன்னாள் மாணவர்களும் இந்த நாளை நினைவுகூர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதன்பிறகு இது உலகெங்கும் பரவியது. விரலில் ஏ அண்ட் எம்மின் அந்தக் கனமான தங்க மோதிரத்தைப் பார்த்தவுடன் முன்பின் தெரியாத இருவர் விமான நிலையத்தில் பேச ஆரம்பிப்பதற்கும், வேலை தேடும் மாணவருக்கு முன்னாள் மாணவர் ஒருவர் கதவைத் திறந்துவிடுவதற்கும் பின்னால் இருப்பது இந்த வருகைப்பதிவுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் என் பதில் நேர்மையாக இருக்காது. இப்படி இறுக்கமாகக் கட்டிய இடத்தில், கட்டுக்குள் வராதவர்களுக்கு மூச்சு முட்டும். பெண்களுக்கு 1963இல்தான் கதவு திறந்தது, அதுவும் முதலில் பாதிக் கதவு. கேள்வி கேட்பவரிடம் அங்கே பழைய வாசகம் ஒன்று சொல்வார்கள்: ‘பிடிக்கவில்லையா, ஊரைவிட்டுப் போக நெடுஞ்சாலை இருக்கிறது’. எனக்கு அந்த வாசகம் ஒருபோதும் பிடித்ததில்லை.

ஆஸ்டினுக்கு வாருங்கள். அங்கே மரபு தளர்வாக இருக்கும். ஒரு பெரிய நகரத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகம் அது. ஃபுட்பால் பார்க்காமலேயே பட்டம் வாங்குபவர்கள் ஏராளம், யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. எல்லோரையும் சேர்த்துப் பிடிப்பது கோபுரம். 1937இல் திறந்த 307 அடி உயரக் கோபுரம் அது. வெற்றி பெற்ற இரவுகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். எந்த வெற்றிக்கு எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதற்குக்கூட விதிகள் வகுத்தார்கள். ஏ அண்ட் எம்மைத் தோற்கடித்தால் கோபுரம் முழுவதும் ஆரஞ்சு. நாடளவில் முதலிடம் பிடித்தால் ஜன்னல் விளக்குகளால் ‘1’ என்ற எண் தெரியும். பெட்ரோல் பங்கில் நிற்பவரும் இரவுப் பணி முடிந்து வரும் செவிலியரும் தலையைத் தூக்கிப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்வார்கள். 1966 ஆகஸ்ட் 1 அன்று அதே கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கண்மண் தெரியாமல் சுட்டுப் பலரைக் கொன்றான். அந்த நினைவையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் அந்தக் கோபுரம் ஆரஞ்சாக ஒளிர்கிறது.

ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கொம்புபோல் காட்டும் ‘ஹுக் எம்’ சைகை 1955இல், டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துடன் ஆடுவதற்கு முந்தைய கூட்டத்தில் ஹார்லி கிளார்க் என்ற தலைமை சியர்லீடர் அறிமுகப்படுத்தியது. அந்த ஆட்டத்தில் ஆஸ்டின் 47–20 என்று படுதோல்வி அடைந்தும் சைகை நிலைத்துவிட்டது. ஏ அண்ட் எம்மின் கட்டைவிரல் உயர்த்தும் சைகையும் 1930இல் இதே அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்புதான் பிறந்தது; அந்த அணியின் சின்னம் ‘கொம்புத் தவளை’, கட்டைவிரல் தவளை குத்தும் ஈட்டிக்கு அடையாளம். கொம்புச் சைகையைத் தலைகீழாகக் காட்டினால் ஆஸ்டின்காரருக்கு அவமானம். காலேஜ் ஸ்டேஷனில் கைக்குழந்தைக்குக்கூட அதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

பீவோ என்ற நீண்ட கொம்புக் காளையின் கதை இந்தப் பகையின் மொத்தச் சுவையும் சேர்ந்தது. 1915இல் ஏ அண்ட் எம் 13–0 என்று வென்றது. மறுவருடம் ஆஸ்டின் மாணவர்கள் ஒரு காளையைத் தங்கள் சின்னமாகக் கொண்டுவந்தார்கள். 1917இன் தொடக்கத்தில் ஏ அண்ட் எம் ஆட்கள் அது கட்டியிருந்த தொழுவத்துக்குள் புகுந்து அதன் விலாவில் ‘13–0’ என்று சூடு போட்டார்கள். அந்த எண்களைத்தான் ஆஸ்டின்காரர்கள் திருத்தி ‘பீவோ’ ஆக்கினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அது உண்மையில்லை, சூடு போடுவதற்கு முன்பே, 1916 டிசம்பரில், பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் இதழ் அந்தப் பெயரை அச்சிட்டுவிட்டது. காளையைப் பராமரிக்கச் செலவு தாங்காமல் 1920இல் அதை அறுத்து விருந்து வைத்தார்கள். ஏ அண்ட் எம்காரர்களையும் அழைத்தார்கள். சூடு போட்ட பக்கத்து இறைச்சியை அவர்களுக்குப் பரிமாறி, ‘13–0’ பதிந்த தோலையும் கொடுத்தனுப்பினார்கள். பகைவனை விருந்துக்கு அழைத்து அவனுடைய வெற்றியை அவனுக்கே திருப்பிக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்கை. இப்போது இருப்பது பதினைந்தாவது பீவோ. 1993இல் ஆஸ்டின் மாணவர்கள் ரெவலியைக் கடத்திச் சென்றதும் நடந்தது; சில நாட்களில் பத்திரமாகத் திரும்பிவிட்டாள்.

1941 கதையையும் கேளுங்கள். 1923க்குப் பிறகு காலேஜ் ஸ்டேஷனில் ஆஸ்டின் வென்றதே இல்லை என்ற நிலை. மாணவர்கள் ஆஸ்டினில் குறி சொல்லும் ஓர் அம்மாளிடம் போனார்கள். ஆட்டம் வரை சிவப்பு மெழுகுவத்திகளை ஏற்றி வையுங்கள் என்றார் அவர். கடைகள், விடுதிகள், வீடுகள் எங்கும் சிவப்பு மெழுகுவத்தி. ஆஸ்டின் 23–0 என்று வென்றது. சாபம் இடும் அந்தக் கூட்டம் பின்னாளில் ‘ஹெக்ஸ் ரேலி’ என்ற பெயரில் மரபாகிவிட்டது.

ஆஸ்டினின் பல்கலைக்கழகப் பாட்டைப் பற்றிய சச்சரவு உங்கள் காதுக்கும் வரும். 1903இல் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சி ஒன்றில் முதலில் பாடப்பட்டது அது. 2020இல் வீரர்கள் பலர் அதை மாற்றச் சொன்னார்கள், பல்கலைக்கழகம் மாற்றவில்லை. அரங்கத்தில் சிலர் கையுயர்த்திப் பாடுவதையும் சிலர் பேசாமல் நிற்பதையும் பார்ப்பீர்கள். இரண்டு தரப்பிடமும் காரணத்தைக் கேளுங்கள். அதைவிட நல்ல அமெரிக்க வரலாற்று வகுப்பு கிடைக்காது.

இனி பான்ஃபயர். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பகையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆஸ்டின் ஆட்டத்துக்கு முன் பெரும் நெருப்பு மூட்டுவது ஏ அண்ட் எம்மில் 1909இல் வளாக வழக்கமானது. ஆரம்பத்தில் குப்பையும் பெட்டிகளும். போகப்போக மாணவர்களே வாரக்கணக்கில் காட்டுக்குப் போய்க் கோடாரியால் மரம் வெட்டி, தோளில் சுமந்து, அடுக்கி, கம்பியால் கட்டி எழுப்பும் பிரம்மாண்டமாக மாறியது. உச்சியில் ஆரஞ்சு வண்ணம் பூசிய ஒரு கழிப்பறைக் கூண்டு, அது ஆஸ்டின். நள்ளிரவு தாண்டியும் நடுமரம் விழாமல் நின்றால் மறுநாள் வெற்றி என்ற நம்பிக்கை. 1969இல் உயரம் 109 அடியைத் தாண்டியது. பிறகு 55 அடி என்று நிர்வாகம் வரம்பு போட்டது. கென்னடி கொல்லப்பட்ட 1963இல் மட்டும், கட்டிய அடுக்கைக் கொளுத்தாமல் மாணவர்களே பிரித்தார்கள். வேதியியல் படிப்பவனும் மாட்டுப்பண்ணைக்காரன் மகனும் ஒரே மரத்தின் இரு முனைகளைத் தூக்கியதில் பிறந்த நட்புகள் நாற்பது ஆண்டு கழித்தும் நீடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1999 நவம்பர் 18 அதிகாலை 2.42க்கு, 59 அடி உயரத்தில் சுமார் 5,000 மரங்களோடு நின்ற அடுக்கு, அதன்மேல் மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். 27 பேர் காயப்பட்டார்கள். ஃபுட்பால் வீரர்கள் பயிற்சியை விட்டுவிட்டு வந்து கையால் மரங்களை அகற்றினார்கள். மரங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த 17 வயது மாணவர் ஒருவர், தன்னை விட்டுவிட்டு முதலில் அவரைப் பாருங்கள், இவரைப் பாருங்கள் என்று மீட்புக்குழுவுக்கு வழிகாட்டினார். அவர் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு 2000 மே மாதம் அறிக்கை தந்தது. மேலடுக்கு மரங்களைக் கீழடுக்கின் இடைவெளிகளில் ஆப்புபோல் இறக்கியதால் கீழடுக்கை வெளிநோக்கித் தள்ளும் விசை அதிகமானது. அதைத் தாங்கும் வலு கட்டுக்கம்பிகளுக்கு இல்லை. முந்தைய ஆண்டுகளில் கீழடுக்கைச் சுற்றியிருந்த எஃகு வடங்கள் அந்த வருடம் இல்லை. அதைவிட முக்கியமாக, வருடந்தோறும் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவந்ததை எந்தப் பொறியாளரும் சரிபார்க்கவில்லை. பொறியியலுக்குப் பேர்போன ஒரு பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. ‘மாணவர்கள் எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறார்கள்’ என்ற நம்பிக்கையே கணக்குப் போடுவதைத் தடுத்துவிட்டது.

ஆஸ்டின் அப்போது என்ன செய்தது என்பதைப் பாருங்கள். அந்த வாரம் நடக்க வேண்டிய ஹெக்ஸ் ரேலியை மாற்றி ஒற்றுமைக் கூட்டமாக நடத்தினார்கள். சாபத்துக்கு ஏற்றும் மெழுகுவத்திகளை இறந்தவர்களுக்காக ஏற்றினார்கள். நவம்பர் 26 ஆட்டம் காலேஜ் ஸ்டேஷனில். இடைவேளையில் ஆஸ்டின் இசைக்குழு தங்கள் கேலிகளையெல்லாம் விட்டுவிட்டு அஞ்சலி இசைத்தது, தொப்பிகளைக் கழற்றினார்கள். பிறகு ஏ அண்ட் எம் இசைக்குழு அணிவகுத்து, முடிவில் ஓசையில்லாமல் வெளியேறியது. ஏ அண்ட் எம் 20–16 என்று வென்றது. நூறு வருடம் திட்டிக்கொண்டவர்களுக்கு ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அன்று தெரிந்தது. எந்தப் பாட்டை நிறுத்த வேண்டும், எங்கே தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

அடுக்கு சரிந்த இடத்தில் 2004இல் நினைவகம் திறந்தார்கள். வட்டமான அமைப்பில் 12 வாசல்கள்; ஒவ்வொன்றும் இறந்த ஒரு மாணவரின் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கி நிற்கிறது. 2002 முதல் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அதன் ஆதரவு இல்லாமல், வேறு வடிவத்தில் நெருப்பு மூட்டுகிறார்கள். ஆஸ்டினுடன் ஆட்டம் மீண்டும் வரும் என்றானதும் வளாகத்துக்குள் பான்ஃபயரைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு எழுந்தது. 2024இல் பல்கலைக்கழகத் தலைவர் வேண்டாம் என்று முடிவெடுத்தார். சரியான முடிவு என்பது என் எண்ணம். எனக்கு நெருக்கமான பழைய மாணவர்கள் சிலர் இதற்காக என்னோடு இன்னும் வாதாடுகிறார்கள்.

ஆட்டம் நின்றுபோனது பணத்தால். 2011இல் ஆஸ்டினுக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை வந்தது, ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தோடு 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம். இனி இதே லீகில் சமமாக இருக்க முடியாது என்று ஏ அண்ட் எம் 2012இல் எஸ்.இ.சி. (சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்ற வேறு லீகுக்குப் போய்விட்டது. 2011 நவம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில், கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த பந்தால் ஆஸ்டின் 27–25 என்று வென்றது. அந்த ஒரு உதையைப் பன்னிரண்டு சீசன்கள் ஏ அண்ட் எம்காரர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 2024இல் ஆஸ்டினும் அதே லீகுக்கு வந்து சேர, நவம்பர் 30 அன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் நிறைந்த கைல் ஃபீல்டில் மீண்டும் மோதினார்கள். 17–7, ஆஸ்டினுக்கு வெற்றி. அந்த ஆட்டம் வரைக்கும் கணக்கு: ஆஸ்டின் 77, ஏ அண்ட் எம் 37, சமன் 5. எண்களைப் பார்த்தால் இது சமமான பகையே இல்லை. காலேஜ் ஸ்டேஷனில் தோற்றால், தோற்றோம் என்று சொல்வதில்லை, நேரம் போதவில்லை என்பார்கள். தோற்ற பிறகும் மாணவர்கள் அரங்கத்திலேயே நின்று அடுத்த வார முழக்கங்களை ஒத்திகை பார்ப்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துறை, வழிகாட்டும் பேராசிரியர், உதவித்தொகை இவற்றை வைத்து முடிவெடுங்கள். ஃபுட்பாலை வைத்து எடுக்காதீர்கள். ஆனால் எங்கே போனாலும் முதல் வருடத்தில் ஒரு ஆட்டமாவது அரங்கத்தில் பாருங்கள். நம் ஊர் மாணவர்கள் பலர் வார இறுதியில் நம்மவர் வீட்டுச் சமையலும் தமிழ்ச் சங்க நிகழ்ச்சியும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அதனால் ஆய்வகத்தில் உடன் வேலை செய்பவர்களோடு இரண்டு வருடமும் வேலைப் பேச்சைத் தாண்டுவதில்லை. ஒரு சனிக்கிழமை அவர்களோடு வெயிலில் நின்றால் அந்தத் தயக்கம் போய்விடும். விதிகள் புரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம்.

ஏ அண்ட் எம்முக்குப் போனால் தண்ணீர் குடித்துவிட்டு, நல்ல செருப்புக்குப் பதில் நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள். மூன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். டிக்கெட் வாங்க ‘புல்’ என்று ஒரு முறை உண்டு: ஆட்டம் நடக்கும் வாரத்தில் மூத்த மாணவர்களுக்கு முதல் நாள், இளையவர்களுக்கு அடுத்தடுத்த நாட்கள். எம்.எஸ். மாணவர்கள் நான்காம் ஆண்டு மாணவர்களோடு முதல் நாளே வாங்கலாம் என்பது நமக்கு நல்ல வாய்ப்பு. முக்கியமான ஆட்டம் என்றால் முன்னிரவே கூடாரம் போட்டு வரிசையில் படுத்திருப்பார்கள். சில்வர் டாப்ஸுக்கு ஒருமுறை போங்கள். கைபேசியை அணைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் நில்லுங்கள். ஆஸ்டினுக்குப் போனால் மாணவர்களுக்கான சீசன் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆனால் இடம் முந்தி வருபவருக்குத்தான்.

இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வரும். ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. அதற்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், வெளியில் வாங்கினால் விலை ஒரு மாத வாடகையைத் தொடும். காலேஜ் ஸ்டேஷனில் நடக்கும் வருடமாக இருந்தால் முந்தைய இரவு மிட்நைட் யெல்லுக்குப் போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நள்ளிரவுக்கு வெகு நேரம் முன்பே போய்விட வேண்டும். நிறுத்த இடம் கிடைக்காது, காரை எடுக்காமல் நடந்தோ பஸ்ஸிலோ போவதுதான் புத்திசாலித்தனம்.